வெறுங்காலுக்கு மூன்று ஜோடி

ஏப்ரல் 3, வியாழன்

காலில் ஒன்றும் போடாமல் நடக்கிற மாதிரி நடப்பதற்கென்று ஒரு ஷூ வந்திருக்கிறதாம். இன்று காலை மைதானத்துக்குக் குணசிங் சார் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஐந்து விரலுக்கும் தனித்தனியாக ஐந்து உறை. ஏதோ பள்ளிக்கூட நாடகத்தில் தவளை வேஷம் கட்டப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "வெறுங்கால் ஷூ அண்ணாச்சி, பார்சல்ல வந்துச்சு" என்றார். வெறுங்காலோடு நடக்க ஆசையென்றால் இருக்கிற ஷூவைக் கழற்றினால் போதாதா என்று கேட்டேன். பாளையங்கோட்டையில் பாதி ஜனம் பார்சல் எதுவும் வராமலே அப்படித்தான் நடக்கிறது.

குணசிங் சார் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, விசிலிலிருந்து இல்லை. மைதானத்தில் நடக்கிற எங்களை யாரும் கேட்காமலே பயிற்றுவிக்கிறார். இன்றைக்கும் ஒரு பிரசங்கம்.

"சாதா ஷூவுல அடி தடிமனு. கால மெத்தையில போட்டுத் தாலாட்டுது. இதுல தரை அப்படியே தெரியும். தூங்கிக் கெடக்க நரம்பு பூரா முழிச்சிக்கிடும் அண்ணாச்சி."

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் வடிவு காப்பியோடு சேர்த்து வழக்கமான மனுவையும் நீட்டினாள். கால் டாக்டரிடம் போக வேண்டும். எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. போன ஐப்பசியில் அவளுடைய அண்ணன் ஆவுடையப்பனுக்கு இதே சர்க்கரையால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இவளுக்கு என் கால் மேல் ஒரு கண். என் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது என் தொழில். நின்றுகொண்டிருந்த லாரியில் மாடு வேகமாக வந்து மோதியது என்று சொல்கிறவர்களோடு தினமும் பேசுகிறேன். எது சேதாரம், எது இல்லை என்று எனக்குத் தெரியாதா?

மத்தியானம் பெங்களூரில் இருக்கிற மகள் சிவகாமிக்குப் போன் போட்டு அந்தத் தவளை ஷூ எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சும்மா ஒரு விசாரணைதான்.

ஏப்ரல் 5, சனி

வடிவு கால் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாளாம். வள்ளியூரில் ஒரு லாரி பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வள்ளியூரில் லாரி எதுவும் இல்லை. திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து பதநீர் குடித்துவிட்டு வந்தேன். பதநீர் எழுதப்பட வேண்டிய விஷயமில்லை, எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

பார்சல் வந்தது. அட்டைப் பெட்டிக்கு மேலே 'இயற்கைக்குத் திரும்புங்கள்' என்று போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபிறகுதான் திரும்ப முடிகிறது.

ஐந்து விரல் ஷூவைப் போடுவது என்பது ஒரு காலுக்குள் ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற வேலை. கட்டைவிரல் உடனே போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றதெல்லாம் அடம். ஒருவழியாக மாட்டிக்கொண்டு மைதானத்தை முழுசாகச் சுற்றி வந்தேன். குணசிங் சார் எனக்குப் பின்னாலேயே வந்தவர் திடீரென்று குனிந்து என் காலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சுண்டுவிரல் உறை காலியா தொங்குதே."

கழற்றிப் பார்த்தால், சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஒரே உறைக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் தோல் உரிந்திருந்தது.

"இவ்வளவு தூரம் உறுத்தலியா?"

"பழகணும்லா, அதான் பொறுத்துக்கிட்டேன்" என்றேன்.

வெளிநாட்டுக்காரன் அளவெடுத்துத் தைத்த ஷூ. அவன் சுண்டுவிரலும் நம் சுண்டுவிரலும் ஒன்றா? தப்பு ஷூவில்தான். திருப்பி அனுப்பும் காரணம் என்ற இடத்தில் 'விரல்களுக்கிடையே எல்லைத் தகராறு' என்று எழுதினேன். போட்டு நடந்ததை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டாவது ஜோடி. இது பார்வைக்குக் கொஞ்சம் மனுஷன் போடுகிற மாதிரி இருக்கிறது. துணி ஷூ, முன்பக்கம் வாத்து மூக்கு போல் அகலம், அடிப்பகுதி அப்பளக் கனம். நாலு தெரு தாண்டிப் போய்ப் பார்த்தாலும் இது வாத்துதான், ஆனாலும் தவளைக்கு மேல்.

மைதானத்து ஓரத்தில் ரோடு போடுவதற்கு ஜல்லி குவித்திருக்கிறார்கள். குணசிங் சார் என்னை அதன் மேல் ஏற்றினார். அவரும் ஏறினார். ஏறியதும் முகம் கோணி, கையை விரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆனந்தப்பட ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு கல்லும் பேசுதா அண்ணாச்சி?"

என்னிடம் ஒரு கல்லும் பேசவில்லை. மௌன விரதம். ஆனால் இவர் இப்படித் துள்ளும்போது நாம் மட்டும் மரம் மாதிரி நிற்பது மரியாதையாக இருக்காது. நானும் முகத்தைக் கோணினேன். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்கூடக் கொடுத்தேன். மாடு மோதிய லாரிக்காரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதே சத்தத்தைத்தான் கொடுப்பான்.

வீட்டுக்கு வந்து வெர்னியரை எடுத்து ஷூவின் அடிப்பகுதியை அளந்தேன். கம்பெனி சொன்ன கனம்தான், முடியளவுகூடக் கூடுதல் இல்லை. கருவியில் கோளாறு இருக்கலாம் என்று ஸ்கேலை வைத்தும் பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

கம்பெனிக்குப் போன் செய்தேன். மெல்லிய அடி என்று விளம்பரம் செய்துவிட்டுத் தடித்த அடியை விற்பது மோசடி, தரை தெரியவே இல்லை என்றேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்றாள்.

லைனைத் துண்டித்துவிட்டேன். செருப்பு விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளரின் ரத்தத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதை யாரிடம் கேட்பது என்ற விவஸ்தையே கிடையாது. குரல் மட்டும் நல்ல குரல். நம் சிவகாமி குரல் மாதிரி.

சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி. சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்றாவது ஜோடி நேற்று வந்தது. ஒரு ரப்பர் தகடு, அதில் மூன்று ஓட்டை, ஓட்டை வழியாக ஒரு கயிறு. மலைவாசிகள் இதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓடுகிறார்களாம். சைக்கிள் டியூபை வெட்டி நம்மூரில் எவனாவது விற்றால் பிச்சைக்காரச் செருப்பு என்போம். இதற்குத் தனியாக ஒரு துணிப்பையும் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் கட்டிக்கொண்டு நடந்தேன். நல்ல நடை. பால்பூத் வழியாக, கோர்ட் வாசல் வழியாக, இரண்டு பேருக்கு வணக்கம் சொல்லி, ஒருவரிடம் நின்று மின்கட்டணத்தைப் பற்றிக்கூடப் பேசினேன். வீட்டு வாசலில் வடிவு கோலமாவு டப்பாவோடு நின்றாள்.

"இன்னொண்ண எங்க போட்டுட்டு வந்திய?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கயிறு மட்டும் கணுக்காலில் கிடந்தது.

"அறுந்துட்டு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். இவ்வளவு சுருக்காகப் பொய் சொல்கிற ஆளைத் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். வடிவு ஹாலில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தாள். டைல்ஸில் வாசலிலிருந்து என் அறை வரைக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிவப்புத் தடம். அவள் முதலில் தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் என் பக்கம் வந்தாள். குதிகாலில் ஒரு பீங்கான் சில்லு. எடுத்தாள், டெட்டால் போட்டாள், கட்டினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது என்ன என்று கேட்டால் சொல்ல முடியாது.

அவள் குளிக்கப் போனதும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்த் தேடினேன். செருப்பு பால்பூத் வாசலில் கிடந்தது. அங்கிருந்து வீட்டுக்கு நான் வந்த தூரத்தை எழுதப் போவதில்லை. கயிறு கட்டும் முறை சரியில்லை. மலைவாசிகளுக்கு வேறு முடிச்சாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

வடிவு அடுக்களையில் சிவகாமியோடு போனில் தாழ்ந்த குரலில் பேசுகிறாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் வெண்டைக்காய் விலை என்ன என்று பேச்சு மாறுகிறது.

மே 2, வெள்ளி

மச்சான் ஆவுடையப்பனைப் பார்த்துவிட்டு வந்தோம். வடிவின் ஏற்பாடு. எதற்கு என்று தெரியாத மாதிரி போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வடிவு அவர் மனைவியோடு உள்ளே போனதும் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மாப்ளே, வடிவு எல்லாம் சொன்னா."

"அவ ஒண்ணுக்குப் பத்தா சொல்லுவா."

"இருக்கட்டும். உனக்கு எப்பம் தெரிஞ்சுதுன்னு எல்லாரும் என்னயக் கேக்காங்க. எனக்குத் தெரியவே இல்ல மாப்ளே. வலிச்சிருந்தா நானே போயிருப்பேன்லா? வலிக்கல. அதான் நல்லா இருக்குன்னு நெனச்சேன்."

அவர் கால் அவர் கவனக்குறைவு. பத்து வருஷம் சாயங்காலம் தவறாமல் அல்வா சாப்பிட்ட மனுஷர். நான் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். பெரும்பாலும் போடுகிறேன். அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

வரும்போது பஸ்ஸில் வடிவு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் ஐந்து விரல் ஷூவின் குறைகளை விளக்கிக்கொண்டு வந்தேன். தாழையூத்து வரை விளக்கினேன்.

மே 7, புதன்

மூன்று ஜோடியையும் ஒரு பையில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்றை முடிவு செய்து மற்ற இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடலாம். தவளைக்கு விரல் சுதந்திரம், வாத்துக்கு அகலம், கயிற்றுக்குக் காற்றோட்டம். பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள் பேசுகிற மாதிரி இவற்றின் குணங்களைக் குணசிங் சாரிடம் விவரித்தேன்.

"இவ்வளவு யோசனை எதுக்கு? எதுல தரை நல்லாத் தெரியுதோ அத வச்சிக்கிடுங்க" என்றார்.

"மூணும் ஒண்ணுபோலதான் இருக்கு."

"அது எப்படி அண்ணாச்சி ஒண்ணுபோல இருக்கும்? தவளைக்கு அடி தடிமன். கயித்துல ஒரு எறும்பு மிதிச்சாக்கூடத் தெரியும்."

"ஒண்ணுபோலதான் இருக்கு" என்றேன் மறுபடி.

அவர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். இந்த மனுஷர் பிரசங்கம் செய்யாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு விசிலை எடுத்து ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்ததில் கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. தரைக்கும் காலுக்கும் நடுவில் எதையாவது வைத்தால் தெரியாதுதான். அப்பளக் கனமானாலும் தடை தடையே. எதுவும் போடாமல் நடந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வடிவின் ஊர்க் கோயிலில் வருஷாபிஷேகம். வெளிப்பிரகாரம் முழுக்கக் கருங்கல். அக்னி நட்சத்திர வெயில். அங்கே தெரியாமல் எங்கே தெரியும்?

மே 11, ஞாயிறு

கோயிலில் அபிஷேகம் முடிந்து சுவாமி வெளியே வரும்போது உச்சி வெயில். செருப்பெல்லாம் வாசலில். கூட்டம் நடப்பதற்காகச் சாக்கை நனைத்துப் பிரகாரத்தில் நீளமாக விரித்திருந்தார்கள். அது பத்தாமல் ஜனம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனது. சாக்கிலிருந்து தவறிக் கல்லில் கால் வைத்தவர்கள் குதித்த குதியைப் பார்க்க வேண்டும். ஊர் நாட்டாமை, ஜரிகை வேட்டி, மூன்று மோதிரம், ஒற்றைக்காலில் பாண்டி ஆடிக்கொண்டு போனார். பட்டுப்புடவைக்காரிகள் சாமியை மறந்து நிழலைக் கும்பிட்டார்கள்.

நான் சாக்கை விட்டு இறங்கினேன். வெறுங்கல்லில் நடந்தேன். மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் முழுசாக ஊன்றி நடந்தேன். முதல் சுற்றில் கிழக்குப் பக்கம் சுடும் என்று நினைத்தேன். தெற்குப் பக்கம் சுடும் என்று நினைத்தேன். மேற்கில் நிழல் இருந்தது, அதைத் தவிர்த்து வெயிலாகப் பார்த்துப் போனேன்.

"அத்தான் நடக்கதப் பாருங்க, பூவுல நடக்க மாதிரில்லா நடக்காவ" என்றாள் மச்சினி செண்பகம். இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெறுங்கால் ஷூவின் மகிமையை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ஒரு மாதம் போட்டால் பாதம் எப்படி உறுதிப்படும் என்றெல்லாம் சொன்னேன். செண்பகத்தின் புருஷன் கம்பெனிப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். தவளையை அவருக்குத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது சுற்றில் வடிவு சாக்கில் நின்றபடியே என் கையைப் பிடித்தாள்.

"சாக்குல வாங்க."

"சும்மா இரு."

"சுடுதா?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "லேசா" என்றேன். அவள் கையை விட்டுவிட்டாள். நான் இன்னொரு சுற்றும் போனேன். அந்தச் சுற்றில் சாமியிடம் ஒன்று கேட்டேன். கொஞ்சம் சுட வை என்று கேட்டேன். ஊரே சுடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடுகிற இடத்தில் இப்படி ஒரு மனு வந்தால் அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

மே 12, திங்கள்

காலையில் எழுந்தால் போர்வை காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். சில இடத்தில் உடைந்து தோல் சுருண்டிருந்தது. கோயிலில் கல்லுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள், அது ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வாமை என்று வடிவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டாள். வள்ளியூர் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "லாரி அங்கனயே நிக்கட்டும்" என்றாள்.

கால் டாக்டர் சின்ன வயசுப் பெண். கொப்புளத்தைச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார். செத்த தோலை வெட்டும்போது வலித்தால் சொல்லுங்கள் என்றார். நான் தைரியசாலி மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டினார். மூன்று ஜோடியில் எது நல்லது என்று கேட்கலாம் என்று பையில் கொண்டுபோயிருந்தேன். பையைத் திறக்கவே இல்லை.

பிறகு ஒரு பேனா மாதிரி பிடியை எடுத்தார். அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை.

"இது குத்தாது சார். இத வச்சு விரல்லயும் காயம் படாத எடத்துலயும் தொடுவேன். கண்ண மூடிக்கோங்க. தொடறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க. மொதல்ல வலது கால்."

என் உள்ளங்கையில் ஒரு முறை தொட்டுக் காட்டினார். கூச்சமாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது.

கண்ணை மூடினேன். முழுசாக இல்லை. இமைக்குக் கீழே ஒரு கீற்று விட்டுவைத்தேன். டாக்டரின் கை தெரியவில்லை, அவர் தலை மறைத்தது. ஆனால் அவருக்குப் பின்னால் வடிவு நின்றாள். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழை தொடும்போதெல்லாம் அவள் கண் லேசாகச் சுருங்கியது, தன்னையே தொட்ட மாதிரி.

"ஆமா" என்றேன்.

மறுபடி சுருங்கியது.

"ஆமா."

நடுவில் டாக்டர் தொடாமல் சும்மா இருந்து பார்த்தார். நானும் சும்மா இருந்தேன். திரும்ப வடிவின் கண் சுருங்கியது, திரும்ப ஆமா என்றேன். "பரவாயில்லையே சார்" என்றார் டாக்டர். வடிவின் முகம் மலர்ந்தது. எத்தனை நாளாக இந்த முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கீற்றைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் காலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அந்த முகம் அணைந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றாள்.

எனக்கு அவள் முதுகு தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது. ஃபேன் சத்தம் கேட்டது. டாக்டர் தொடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

"அடுத்தத இன்னும் தொடலியா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"வலது கால் முடிஞ்சிருச்சு சார்" என்றார்.

வடிவு திரும்பவில்லை. நான் கண்ணை முழுசாக மூடிக்கொண்டு இடது காலை நீட்டினேன்.